அம்மாவுடன் ஈஜியன் கடலில் பத்து நாள்

கிளம்புவதற்கு முன்

நாளை அதிகாலை விமானம். பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு 66 வயது. இதுவரை போன தூரத்திலேயே அதிகம் காசிதான்.

அப்பாவின் லேத் பட்டறை கோவை கணபதியில் இருந்தது. அங்கே சுவரில் ஏதோ மெஷின் கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கும். கடலைப் பார்த்த மலை விளிம்பு, வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடம். வருடம் முடிந்த பிறகும் அப்பா அதைக் கழற்றவில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறி நீலம் கறுத்துப்போகும் வரை அங்கேயே இருந்தது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. போன பொங்கலன்று அம்மா திடீரென்று கேட்டார்: “அந்தக் காலண்டர்ல இருந்த ஊரு எங்கிருக்குது கண்ணு?” இந்தப் பயணம் அந்தக் கேள்வியில் தொடங்கியது.

அந்த ஊர் சான்டோரினி, கிரீஸ் நாட்டுத் தீவு. ஆனால் அங்கே மட்டும் போய்விட்டு வர மனம் வரவில்லை. நான் போட்ட முதல் திட்டத்தில் ஒன்பது நாளில் ஐந்து தீவுகள் இருந்தன: மிகோனோஸ், பாரோஸ், நக்ஸோஸ், சான்டோரினி, கொர்ஃபூ. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கொர்ஃபூ கிரீஸுக்கு மேற்கே அயோனியன் கடலில் கிடப்பது தெரிந்தது. மற்ற நான்கும் கிழக்கே, ஈஜியன் கடலின் சைக்ளாடிஸ் தீவுக் கூட்டத்தில். நடுவில் முழு நாடும் குறுக்கே நிற்கிறது. கிரீஸில் மக்கள் வாழும் தீவுகள் மட்டும் 227 என்று சொல்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள் முதலில் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அதைத் தாண்டாதீர்கள். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

மீதி நான்கு தீவுகளுக்குக் கப்பல் நேரங்களை ஒரு நோட்டில் எழுதினேன். தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகிறது: அறையைக் காலி செய்வது, துறைமுகத்தில் காத்திருப்பது, கடல், மறுபடி ஒரு அறை தேடுவது. நோட்டைப் பார்த்த அம்மா, “கப்பல்ல ஏறி ஏறி எறங்கத்தான் அவ்வளவு தூரம் போறமா?” என்றார். அன்றே இரண்டு தீவுகளை அடித்துவிட்டேன். நக்ஸோஸில் ஐந்து இரவு, சான்டோரினியில் இரண்டு, முதல் இரவும் கடைசி இரவும் ஏதென்ஸ் பக்கம். அந்தக் கடைசி இரவை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். காற்று அடித்தால் கப்பல் வராது. மறுநாள் விமானம் உங்களுக்காக நிற்காது.

செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுத்ததும் காற்றை நினைத்துத்தான். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். வெயிலும் கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சம். அக்டோபர் பாதி தாண்டினால் கப்பல்கள் குறைந்து, கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கும்.

விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் நாங்கள் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டோம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளாவது கார் வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

நாள் 1, பிரேயஸ்

வளைகுடாவில் விமானம் மாறி மதியம் ஏதென்ஸ். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராகத் துறைமுகம் வரை போகிறது. இந்த நீட்டிப்பு 2022இல்தான் வந்தது. ஒரு மணி நேரம், ஆளுக்கு 9 யூரோ. நாளை காலை ஏழரை மணி வாக்கில் கப்பல் என்பதால் ஏதென்ஸ் நகருக்குள் போகாமல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருந்தேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்துபோய் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம். பிரேயஸ் துறைமுகம் மிகப் பெரியது. இ1, இ2 என்று வாசல்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது இ7, மெட்ரோ நிலையத்துக்கு எதிரிலேயே. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் தூரம் இருக்கிறது. காலையில் பெட்டியோடு தவறான வாசலில் போய் நிற்பதைவிட இந்தச் சாயங்கால நடை எவ்வளவோ மேல்.

சாப்பாட்டுக் கவலை இன்றே பாதி தீர்ந்தது. நாங்கள் சைவம். மாமிசம் வேண்டாம் என்பதற்கு ‘ஹோரிஸ் க்ரேயாஸ்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் நிஜமாகவே வேலை செய்த சொல் ‘நிஸ்தீசிமோ’. விரதச் சாப்பாடு என்று அர்த்தம். இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் நிறைய விரத நாட்கள். அன்று மாமிசம், முட்டை, பால் எதுவும் கிடையாது. அதனால் விரதச் சமையல் என்றே ஒரு பெரிய மரபு இருக்கிறது. தக்காளிச் சாறில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை வந்தது, பெயர் கிகாந்தெஸ். அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒரு சின்ன விஷயம்: கழிப்பறையில் காகிதத்தை உள்ளே போடக் கூடாது, பக்கத்துக் கூடையில்தான். குழாய்கள் குறுகல். தீவுகளிலும் இதே பழக்கம்தானாம்.

நாள் 2, கப்பல்

அம்மா இவ்வளவு பெரிய கப்பலில் ஏறுவது இதுதான் முதல் முறை. நமக்குத் தெரிந்த மாதிரி பக்கவாட்டில் ஏணி வைத்து ஏறுவதில்லை. கப்பலின் பின்பக்கம் முழுவதும் ஒரு கதவு. அது கீழே சாய்ந்து கரையைத் தொட்டதும் லாரி, கார், பைக், மனிதர்கள் எல்லாரும் ஒன்றாக உள்ளே போகிறோம். உள்ளே ஒவ்வொரு தீவின் பெயர் எழுதிய அலமாரி. நக்ஸோஸ் என்ற தட்டில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போக நகரும் படிக்கட்டு இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்காக நான் பயந்ததெல்லாம் வீண்.

விரைவுப் படகு எடுத்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். ஆனால் கட்டணம் அதிகம், மூடிய கூண்டுக்குள் உட்கார வேண்டும், கடல் கொஞ்சம் எழும்பினாலும் வயிற்றைப் புரட்டும். பெரிய கப்பலில் ஐந்தரை மணி நேரம் மேல்தளத்தில் காற்றில் உட்கார்ந்து வந்தோம். இங்கே கடலின் நிறம் கன்னியாகுமரியிலோ ராமேஸ்வரத்திலோ பார்த்தது போல இல்லை. மை கரைத்த நீலம். தீவுகள் மரமில்லாமல் பழுப்பாக, முதுகு காட்டிப் படுத்திருக்கும் எருமைகள் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இறங்குவது மட்டும் கொஞ்சம் பரபரப்பு. தீவு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே எல்லாரும் கீழே வண்டித் தளத்துக்கு வந்துவிட வேண்டும். கப்பல் முழுதாக நிற்கும் முன்பே அந்தப் பெரிய கதவு இறங்க ஆரம்பிக்கிறது. இருட்டில் லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, கதவின் மேல்விளிம்பில் முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு வானம், பிறகு ஊர் மொத்தமும் திரை விலகியது போலத் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் இல்லை. முகத்தைப் பார்த்தேன்.

நாள் 3, நக்ஸோஸ் நகரம்

நாள் முழுக்க ஓய்வு. சாயங்காலம் மட்டும் போர்தாரா. துறைமுகத்தை ஒட்டிய சின்னத் திட்டு ஒன்றில் தனியாக நிற்கும் பளிங்கு வாசல். கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்ற ஆட்சியாளர் அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுளுக்குக் கோயில் கட்டத் தொடங்கினார், முடியவில்லை. பிற்காலத்தில் வெனிஸ்காரர்கள் கோட்டை கட்ட அந்தக் கற்களை எடுத்துக்கொண்டார்கள். வாசல் கற்களைப் பெயர்க்க முடியாத பாரம், அதனால் பிழைத்தது. சூரியன் அந்த வாசலுக்குள் இறங்கும்போது, கோயில் இல்லாவிட்டாலும் அம்மா செருப்பைக் கழற்றினார்.

நாள் 4, ஹல்கி

நக்ஸோஸைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று இன்று உறுதியாகிவிட்டது. சைக்ளாடிஸ் தீவுகளிலேயே இதுதான் பெரியது. கூட்டத்தின் உயரமான மலையும் இங்கேதான், சாஸ், 1,004 மீட்டர். விவசாயம் இருக்கிறது, மாடுகள் இருக்கின்றன. இந்தத் தீவின் உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுவதும் பெயர் உண்டு. பயணிகள் வராவிட்டாலும் இந்த ஊர் தன்பாட்டுக்கு வாழும். அப்படிப்பட்ட ஊரில் தங்குவது வேறு மாதிரி இருக்கிறது.

துறைமுகத்துக்கு எதிரிலிருந்தே பேருந்து. ஹல்கி ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஒரு பழைய ஊர். அங்கே 1896இல் தொடங்கிய வடிசாலை ஒன்று, கித்ரோன் என்ற மதுவைக் காய்ச்சுகிறது. காட்டிக்கொண்டு வந்த பெண், “இது பழத்திலிருந்து இல்லை, இலையிலிருந்து” என்று ஒரு இலையைக் கசக்கிக் கொடுத்தார். அம்மா முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். “கண்ணு, இது நார்த்த எலை!”

ஆமாம், கித்ரோ என்பது நார்த்தை வகைதான். அம்மா அந்தப் பெண்ணிடம் நார்த்தை இலையை நரம்பு கிள்ளி, மிளகாய், பெருங்காயம், உப்பு, புளி சேர்த்து இடிக்கும் விதத்தைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அது வேப்பிலைக்கட்டி, பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நார்த்தை இலை என்பதை விளக்கத்தான் நேரம் பிடித்தது. மது குடிக்காத அம்மாவுக்கு அவர் ஒரு சின்னத் தட்டில், பாகில் ஊறிய கித்ரோத் தோலும் ஒரு கரண்டியும் வைத்துக் கொடுத்தார். வந்த விருந்தாளிக்கு இப்படி ஒரு கரண்டி இனிப்பும் தண்ணீரும் கொடுப்பது இங்கே வழக்கம்.

நாள் 5, காற்று

இன்று டெலோஸ் போக வேண்டிய நாள். அப்பல்லோ பிறந்ததாகச் சொல்லும் தீவு. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்தி, இனி இந்த மண்ணில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். இன்றும் பயணிகள் யாரும் அங்கே இரவு தங்க முடியாது. கிளம்பும் முன் நான் மிக அதிகமாகப் படித்து வைத்திருந்தது இந்தத் தீவைப் பற்றித்தான்.

காலை ஐந்து மணிக்கே ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. துறைமுகம் போனால், படகுக்காரர் தலையை ஆட்டி ‘அபகோரெஃப்திகோ’ என்றார். தடை உத்தரவு. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். சின்னப் படகுகள்தான் முதலில் நிற்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. அம்மா, “சரி, கடல் வேண்டாங்குது, மலைக்குப் போலாம்” என்றார்.

ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்தேன். வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது அரை மணியில் பழகிவிட்டது. வளைவுகளில் வண்டியைத் தள்ளும் காற்றுதான் பழகவில்லை. 26 கிலோமீட்டர் ஏறினால் அபெய்ராந்தோஸ். தெருவெல்லாம் பளிங்குப் பலகை, வீடுகள் கருங்கல் நிறம். மானோலிஸ் கிளேஸோஸ் பிறந்த ஊர் இது. 1941 மே 30 இரவு, பத்தொன்பது வயதுகூட நிரம்பாத அவரும் நண்பர் அபொஸ்தொலோஸ் சாந்தாஸும் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் கோட்டைக் குன்றில் ஏறி நாஜிக் கொடியை இறக்கினார்கள். அவர் 2020 வரை வாழ்ந்தார்.

ஊரில் மண்ணியல் அருங்காட்சியகம் என்று ஒரு சின்ன இடம். காற்றுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம். ஒரு கறுப்புக் கல்லைக் காட்டி, தூக்கிப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்தவர். அளவுக்குச் சம்பந்தமில்லாத பாரம். கிரேக்கத்தில் ‘ஸ்மிரிதா’ என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: எமரி.

நான் அம்மாவிடம் சொல்வதற்குள் அம்மாவே கேட்டுவிட்டார்: “எமரியா? நம்ம எமரி பேப்பரா?”

அதே எமரிதான். பட்டறையில் கட்டுக் கட்டாக இருக்கும் கறுப்புத் தாள். லேத்தில் சுற்றும் கம்பியின்மேல் அப்பா அதை மடித்துப் பிடிக்கும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நம்பர் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் கம்பியில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். அம்மா அந்தக் கல்லைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கைகளாலும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எமரி என்பது இரும்புத் தாது கலந்த குருந்தம். வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான இயற்கைக் கனிமங்களில் ஒன்று. மாணிக்கமும் நீலமும் இதே குருந்தத்தின் தெளிந்த வடிவங்கள்தான். உலகம் முழுக்கக் ‘கொரண்டம்’ என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனது. கல்லூரியில் உலோகவியல் வாத்தியார் சொன்னபோது பரீட்சைக்காகக் குறித்துக்கொண்டேன். இன்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ‘குருந்தம், குருந்தம்’ என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, ஒரு தாளில் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே கிழக்குக் கரைக்கு, முட்ஸூனா என்ற சின்னத் துறைக்கு இறங்கினோம். வழியெல்லாம் மலைச்சரிவில் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள். 1920களில் கட்டிய கம்பிவட வண்டிப் பாதை அது. சுரங்கத்தில் வெட்டிய எமரியைத் தொட்டிகளில் தொங்கவிட்டு மலையிலிருந்து கடலுக்கு இறக்கியிருக்கிறார்கள். சில தொட்டிகள் இன்னும் கம்பியிலேயே தொங்குகின்றன. அபெய்ராந்தோஸ், கொரோனோஸ் போன்ற மலை ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைதான் செய்தார்கள். செயற்கைச் சாணைப் பொருட்கள் வந்ததும் தொழில் தேய்ந்துபோனது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்சசன் 1893இல் காப்புரிமை பெற்ற பொருளுக்கு அவர் வைத்த பெயர் கார்போரண்டம். கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்த பெயர். அப்பாவின் பட்டறையில் சுற்றிய சாணைச் சக்கரம் அதுதான். அங்கேயும் நம் குருந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை நினைத்துக்கொண்டே, வேலை போன ஊரின் துறையில் நின்றேன். மனம் கனத்தது.

டெலோஸ் போயிருந்தால் இது எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. நான்கு தீவுத் திட்டத்தில் இப்படி ஒரு காற்று நாளைக்கு இடமே இருந்திருக்காது.

நாள் 6, பிளாகா

காற்று அப்படியே. பிளாகா கடற்கரையில் மணல் பறந்து காலில் குத்தியது. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா அரை மணி நேரம் தண்ணீரில் நின்றார். மதியம் இருவரும் தூங்கினோம்.

நாள் 7, சான்டோரினி

காற்று இறங்கிவிட்டது, கப்பல் வந்தது. இரண்டு மணி நேரம்.

சான்டோரினிக்குக் கப்பலில் போவதற்கு ஈடே கிடையாது. கி.மு. 1600ஐ ஒட்டிய காலத்தில் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் போனது. அந்தப் பள்ளத்துக்குள்தான் கப்பல் நுழைகிறது. சுற்றிலும் கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான செங்குத்துச் சுவர், அதன் உச்சியில் உப்புப் படிந்தது போல ஊர். அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

2025 பிப்ரவரியில் இங்கே தொடர்ந்து நிலம் நடுங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். சொந்தக்காரர்கள் பலர் போக வேண்டாம் என்றார்கள். பிறகு நடுக்கம் அடங்கியது. ஆனாலும் 1956 நிலநடுக்கத்தில் வீடுகள் விழுந்த ஊர் இது என்பதை இங்குள்ளவர்கள் மறப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளத்தைப் பார்த்த அறைகளுக்கு ஐம்பது, நூறு படி இறங்க வேண்டியிருக்கும். நாங்கள் பின்பக்கம் கார்தெராதோஸில் சமதளத்தில் எடுத்தோம். வாடகையும் குறைவு.

நாள் 8, காலண்டர்

இயா என்ற ஊருக்கு முதல் பேருந்தில் போனோம். சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே நிற்க இடம் இருக்காது. காலையில் பூனைகளும், வாசல் கழுவுகிறவர்களும், நாங்களும் மட்டும். காலண்டரில் இருந்த குவிமாடம் சரியாக இதுதானா என்று தெரியாது. அம்மா ஒரு மதில் ஓரம் நின்று, “இங்கிருந்துதான் எடுத்திருப்பாங்க” என்று முடிவு செய்தார். போட்டோ வேண்டாம் என்றுவிட்டார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

பிற்பகல் அக்ரோதிரி. வெடிப்பின் சாம்பலில் மூடிப்போன ஊர். தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் 1967இல் தோண்டத் தொடங்கினார். பெரிய கூரைக்குக் கீழே மாடி வீடுகள், தெரு, கழிவுநீர்க் கால்வாய், வரிசையாக ஜாடிகள். மனித எலும்புகள் கிடைக்கவில்லை. ஊரார் முன்பே கிளம்பிவிட்டார்கள். ஜாடிகளில் கிடைத்த தானியங்களில் ஒரு பருப்பும் இருந்தது. அதே பருப்பைத்தான் இந்தத் தீவில் இன்றும் விளைத்து ‘ஃபாவா’ என்று குழையக் கடைந்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருகிறார்கள். ராத்திரி அதைத்தான் சாப்பிட்டோம். “சீரகம் தாளிச்சிருந்தா நம்ம கடைஞ்ச பருப்பேதான்” என்றார் அம்மா.

நாள் 9, திரும்பும் கப்பல்

எட்டு மணி நேரம். நக்ஸோஸில் கப்பல் நின்றபோது அம்மா மேல்தளத்துக்குப் போய் போர்தாராவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

நாள் 10, ஏதென்ஸ்

ராத்திரிதான் விமானம். அக்ரோபோலிஸ் ஏற்றம் வேண்டாம், கீழிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றார் அம்மா. அதனால் சைக்ளாடிக் கலை அருங்காட்சியகம் போனோம். நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பு அந்தத் தீவுகளில் செய்த வெண்பளிங்கு உருவங்கள். கைகளை வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு, மூக்கு மட்டும் எழும்பிய மொட்டை முகத்தோடு நிற்கும் பெண்கள். இரும்பு வருவதற்கு முந்தைய காலம் அது. நக்ஸோஸின் எமரியைக் கொண்டு தேய்த்துத்தான் இப்படி மெருகேற்றியிருப்பார்கள் என்கிறார்கள்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு சிலையின் தோளை வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனாம் நம்பர் தாள்ல தேச்சிருப்பாங்க கண்ணு? உங்கப்பா இருந்தா பாத்ததும் சொல்லியிருப்பாரு.”

காவலாளி வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். அம்மா இரண்டடி பின்னால் வந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி குனிந்தார்.